வணிகச் சொல்லும் வாய்மையும்: மிகைச்சரக்கு வாணிபத்தை முன்னிறுத்திய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

இலக்கணம் பயின்றோர் குழூஉக்குறி என்பதனை அறிவர். ஒரு குழுவினர் ஒரு பொருளின் இயற்பெயரை ஒழித்துத் தமக்குள் மட்டும் விளங்கும் வேறொரு பெயராற் சுட்டுவது குழூஉக்குறியாகும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது இதற்கு வழிவழியாகக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டு. நன்னூலார் இதனைத் தகுதி வழக்கின்பாற் படுத்துவர். பிழை வழக்கு என்று தள்ளுவதில்லை. இலக்கண நோக்கில் அது முறையே.

ஆயின் இலக்கணம் கேளாத வினா ஒன்றை ஒழுக்கவியல் கேட்கவேண்டியுள்ளது. நகை செய்விக்க வந்த ஒருவர் முன்னிலையிற் பொற்கொல்லர் இருவர் ‘பறி’ என்று பேசிக்கொள்ளும்போது அவர்கள் பொய் எதனையும் கூறினாரல்லர். எனினும் அங்கிருந்த மூவருள் இருவர் ஓர் அறிவைத் தமக்குள் வைத்துக்கொள்ள, அப்பொன்னுக்கு உரியவராகிய மூன்றாமவர் அவ்வறிவினின்றும் விலக்கப்பட்டார். பொய் கூறாமலே ஒருவரை அறிவினின்று விலக்குதல் வாய்மைக்கு இழுக்காகுமா? இழுக்காயின், எந்நிலையில் இழுக்காகும்? இவ்வினாவை இன்றைய வாணிபத்தின் ஒரு துறையை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அத்துறை, மிகைச்சரக்கு வாணிபம் ஆகும்.

மிகைச்சரக்கின் சொற்கள்

உற்பத்தி செய்தும் விற்பனையாகாது எஞ்சிய பண்டம், விற்ற பின்னர் வாங்கியவரால் திருப்பப்பட்ட பண்டம், கலைக்கப்பட்ட கம்பனியின் களஞ்சியத்தில் எஞ்சிக் கிடக்கும் பண்டம் ஆகியவை மொத்தமாக, அடக்கவிலைக்கும் குறைந்த விலையிற் கைமாறுவதே இவ்வாணிபம். 1977 ஆம் ஆண்டின் பின் திறந்த பொருளாதாரம் வந்து, 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் நிறுவப்பட்டதோடு இலங்கையில் இதற்கு ஒரு தனி முகம் ஏற்பட்டது. ஏற்றுமதிக்கெனத் தைக்கப்பட்டு, கட்டளை கைவிடப்பட்டமையாலோ தரச் சோதனையில் தள்ளப்பட்டமையாலோ கப்பலேறாது நின்ற ஆடைகள் கொழும்புப் புறக்கோட்டை வழியாக நாட்டின் சிற்றூர்கள்வரை சென்றன. உலகளவிலோ, பெருங்கடைகளின் திரும்பிய சரக்குகள் இலட்சக்கணக்கான பெட்டிகளாகக் கைமாறும் பெருந்தொழிலாக இது வளர்ந்துள்ளது.

இத்தொழிலின் சொற்களுள் தலையாயவற்றை நோக்குவோம். ‘மிகை இருப்பு’ என்பது தேவைக்கு மேல் உற்பத்தி செய்யப்பட்டோ வாங்கப்பட்டோ எஞ்சிய புதிய பண்டம். ‘நிறுத்திய வகை’ என்பது ஆக்குவோர் இனி ஆக்குவதில்லை என்று கைவிட்ட வகையின் எச்சம். கடைத் தட்டுகளில் வைத்து, காலம் கடந்தும் விற்காமையால் இறக்கப்பட்டது ‘தட்டிறக்கம்’. இதிற் பண்டம் பழுதற்றதாயினும் விலைச்சீட்டுக் கிழித்த தடமும் பெட்டி நசிவும் இருக்கலாம். ‘திரும்பிய சரக்கு’ என்பது வாங்கியவர் மீளக் கொடுத்தது; பிரிக்கப்படாத பெட்டியும் உடைந்த பொறியும் இதிற் கலந்தே கிடக்கும். பழுது நீக்கப்பட்டது ‘புதுக்கியது’. உதிரிப் பாகங்களுக்கு மட்டும் உதவுவது ‘உடைசல்’. இவையாவும் தனித்தனியாக அன்றி ‘லொட்’ என்ற கணக்கிலேயே விற்கப்படும். உள்ளே இருப்பவற்றின் விபரம் தரப்பட்டால் அது பட்டியலுள்ள லொட். தரப்படாவிடின் பட்டியலற்ற லொட். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாசகம் உண்டு. ‘உள்ளது உள்ளபடி’ என்பதே அது. இவ்வாசகத்தின் கீழ் வாங்கியவர் பின்னர் எக்குறையும் கூறல் இயலாது.

இச்சொற்களில் ஒரு பொதுமை உண்டு. இவற்றுட் பெரும்பாலானவை சரக்கு எவ்வழியாக வந்தது என்பதையே கூறுகின்றன. அது இப்பொழுது எந்நிலையில் உள்ளது என்பதைக் கூறுவதில்லை. தொழிலிற் பழகிய வணிகர் வரலாற்றிலிருந்து நிலையை உய்த்துணர்வர். ‘திரும்பிய சரக்கு’ என்றதும் நூற்றில் இத்தனை பழுதாயிருக்கும் என மனக்கணக்கிட்டு அதற்கேற்ப விலை பேசுவர். பழகாதவரோ அச்சொல்லை நிலையின் பெயராகவே கொள்வர். ஒருவர் வேண்டாமென்று திருப்பிய நல்ல பொருள் எனக் கருதுவர். இறுதியிற் கூறிய ‘உள்ளது உள்ளபடி’ என்பதோ வரலாற்றையும் கூறாது, நிலையையும் கூறாது. நட்டம் வரின் அது யாரைச் சாரும் என்பதை மட்டுமே கூறும். ஒரே சொல் ஒருவர்க்குக் கலைச்சொல்லாகவும் மற்றவர்க்குக் குழூஉக்குறியாகவும் நிற்கும் நிலையை ஈண்டுக் காண்கின்றோம்.

கழிவு

இவை பிறர் மொழியிலிருந்து வந்த வழக்குகள் எனக் கருதி நாம் அமைதல் கூடாது. எமது வழக்கிலுள்ள ‘கழிவு’ என்னும் சொல்லை நோக்குக. கணக்கியல் மாணவர்க்கு அது விலையிற் குறைக்கப்படும் தொகை. வியாபாரக் கழிவு, காசுக் கழிவு என்பன அவர் அறிந்தவை. நகரசபைத் தொழிலாளிக்கு அதே சொல் குப்பை. ‘கழிவு விற்பனை’ என்று கடை வாயிலிற் பலகை தொங்கும்போது கழிக்கப்பட்டது விலையா, பொருளா என்பது பலகையிலிருந்து விளங்குவதில்லை. தமிழகத்தார் வழங்கும் ‘தள்ளுபடி’ என்னும் சொல்லிலும் இவ்விருபொருள் நிழலாடுகின்றது.

பண்டை வழக்கு இத்துணை மங்கலாக இருக்கவில்லை. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கல்வெட்டுகள் இறைவனுக்கு அளிக்கப்பட்ட அணிகலன்களின் முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என வகைப்படுத்திக் கூறுகின்றன. வயிரங்களைக் குறிக்குமிடத்துப் புள்ளியுள்ளன, பொறியுள்ளன, வெந்த குறியுள்ளன என்பனவும் எழுதப்பட்டுள்ளன. கொடுத்தவன் பேரரசன், பெற்றவன் இறைவன். எனினும் குறை குறையாகவே கல்லிற் பொறிக்கப்பட்டது. பிற்காலத்து மன்னார்க் கடலின் முத்து வணிகரிடத்தும் இத்தகைய நுண்ணிய தரப்பெயர்கள் வழங்கின. உருட்சியும் ஒளியும் நிறைந்தது ஆணி. இரண்டிலும் சற்றுக் குறைந்தது மசங்கு. மேலும் குறைந்தது, ஆங்கில நூல்களிற் ‘கலிப்பு’ என எழுதப்பட்டுள்ள தரம், ‘கழிப்பு’ என்னும் சொல்லாகவே தோன்றுகின்றது. உருவங் கெட்டது பீசல். மிகச் சிறியது தூள். பருமனை அறிய, 20 முதல் 1000 வரை துளைகளுடைய பத்துப் பித்தளை அரிதட்டுகள் இருந்தன. ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வொரு பெயர் இருந்தமையால், பெயரைக் கேட்ட அளவில் விலையும் நிலையும் ஒருங்கே விளங்கின. இச்சொற்கள் வணிகர்க்கு மட்டும் உரியனவெனினும் அவை பொருளின் நிலையைக் கூறின என்பது கருதற்பாலது.

மௌனமும் மறைப்பும்

விற்பவர் எவ்வளவு கூறவேண்டும் என்ற வினா மிகப் பழையது. றோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44 இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வழக்கை ஆராய்கின்றார். றோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியக் கப்பலோடு வந்து சேர்கின்றார். வேறு பல கப்பல்கள் பின்னால் வருவதை வழியிற் கண்டிருக்கின்றார். அதனைக் கூறினால் விலை வீழும்; கூறாவிடின் பெருவிலை கிடைக்கும். அவர் கூறவேண்டுமா? பாபிலோனியராகிய டயோஜெனிஸ் என்னும் மெய்யியலாளர், சட்டம் விதித்த அளவுக்குக் குறையைக் கூறினாற் போதும், ஏனையவற்றைக் கூறாதிருப்பது மறைப்பதாகாது என்றார். அவர் மாணாக்கராகிய அன்ரிபேற்றர், வாங்குவோர் அறியவேண்டிய எதனையும் விற்போர் மறைத்தலாகாது என்றார். சிசரோ மாணாக்கர் பக்கமே சார்ந்தார். பிறர் அறிவது அவர்க்குப் பயன்படும் எனத் தெரிந்தும், தன் ஊதியத்தின்பொருட்டு அவரை அறியாமையில் வைத்திருப்பதே மறைப்பு என்பது அவர் முடிபு.

இவ்வழக்கை நானாட்டானுக்குக் கொணர்ந்து பார்த்தால் அதன் மறுபக்கம் தெரியும். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் அவ்வயல்களிற் காலபோக அறுவடை முடிந்ததும் நெல் ஒரே காலத்திற் குவிகின்றது. கடனை அடைக்கவேண்டிய கமக்காரர் உலர்த்தி வைத்திருக்க இயலாது ஈரத்தோடு களத்திலேயே விற்கின்றார். அங்கே வெளியூர் விலையை அறிந்தவர் வாங்குபவர், அறியாதவர் விற்பவர். ஈரத்துக்கென மூட்டைக்கு எத்தனை கிலோ ‘கழிவு’ என்பதையும் வாங்குபவரே கூறுகின்றார். 1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டமைக்கு இத்தகைய நிலைமையும் ஒரு காரணமாகும். எனவே கூறவேண்டிய கடமை விற்பவர் என்ற காரணத்தால் ஒருவரைச் சார்வதில்லை. அறிந்தவர் என்ற காரணத்தாலேயே சார்கின்றது. டயோஜெனிஸின் வாதத்தில் இவ்வேறுபாடு விடுபட்டுப்போகின்றது.

சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்திருந்தது. பண்டை றோமில் அங்காடிகளை மேற்பார்த்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் பிணியையும் குறையையும் வெளிப்படக் கூறவேண்டும் என ஆணையிட்டனர். அம்மரபில் வளர்ந்த றோம-டச்சுச் சட்டத்தில் ‘வூட்ஸ்டூட்ஸ்’ என்றொரு சொல் உண்டு. காலால் தள்ளியபடி விற்பது என்பது அதன் சொற்பொருள். ‘உள்ளது உள்ளபடி’ என்பதன் மூதாதை எனலாம். தென்னாபிரிக்காவில் இன்றும் வழங்கும் அவ்விதியின்படி, குறையை அறிந்தே வஞ்சனையாக மறைத்த விற்பனையாளரை அச்சொல் காப்பதில்லை. இலங்கையில் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி எழுந்தது. வாங்குவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டு, சில விலக்குகளை மட்டும் அளித்தது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைத் தவறான வழியிற் செலுத்தும் நடத்தையைத் தடைசெய்தது. ஆயினும் சட்டம் நீதிமன்றம் செல்லக்கூடியவர்க்கே பயன்படும். சில ஆயிரம் ரூபாச் சரக்குக்காக வழக்காடும் சிறுகடைக்காரர் அரியர்.

மூடிய சிப்பி

இனி, ‘உள்ளது உள்ளபடி’ விற்பது எக்காலத்தும் தவறா என்பதை ஆராய்தல் வேண்டும். நானாட்டானுக்குத் தென்மேற்கே, அருவியாறு கடலொடு கலக்கும் இடத்தையடுத்து அரிப்பு உள்ளது. அங்கிருந்து சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி வரையுள்ள கரையில் நடைபெற்ற முத்துச் சலாபம் இவ்வினாவுக்குச் சிறந்த விளக்கம் தருகின்றது.

பிரித்தானியர் காலச் சலாபத்தில் முத்து விற்கப்படவில்லை; மூடிய சிப்பியே விற்கப்பட்டது. பாரிலிருந்து வந்த படகுகள் ‘கொட்டு’ எனப்பட்ட அடைப்புக்குள் சிப்பிகளை இறக்கும். அவை எண்ணப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து வழக்கப்படி மூன்றில் ஒரு பங்கு குளிகாரர்க்கும் எஞ்சியது அரசுக்குமாகப் பிரிக்கப்படும். அரசின் பங்கு மாலையில் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என ஏலம் கூறப்படும். உள்ளே ஆணியும் இருக்கலாம். ஒன்றும் இல்லாதும் போகலாம். வாங்கியவர் சிப்பியை அழுகவிட்டுக் கழுவிய பின்னரே தம் நல்லூழை அறிவர். 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன; அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. பட்டியலற்ற லொட்டுக்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

இவ்விற்பனையில் எத்தனையோ பேர் பொருளிழந்திருப்பர். எனினும் அதனை வஞ்சனை எனக் கூற எவர்க்கும் நா எழாது. காரணம் யாது? சிப்பியினுள் இருப்பதை விற்பவரும் அறியார்; வாங்குபவரும் அறியார். அறியாமை இருபாலார்க்கும் பொது. அதுமட்டுமன்று, அறியக்கூடியது அறிவிக்கப்பட்டது. சலாபம் கூறுமுன் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அவற்றின் முத்துகள் மதிப்பிடப்பட்டு, ஆயிரத்துக்கு இத்தனை ரூபா பெறும் என்ற மதிப்பு வெளியிடப்பட்டது. கடலிலிருந்து கரைக்கு வரும்வரை படகிற் சிப்பி திறக்கப்படாதவாறு காவலும் இடப்பட்டது. அரசு தன் வருவாயைக் காக்கவே காவல் இட்டது என்பது உண்மையே. ஆயினும் வாங்கியவரும் அக்காவலாற் பயன்பெற்றனர். மூடிய சிப்பி, ஒருவரும் திறவாத சிப்பியாகவே விற்கப்பட்டது.

இதே கடல் பெருமுதலையும் ஏமாற்றியது. 1906 இல் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்னும் இலண்டன் நிறுவனம் பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. 1907 இன் பின் சிப்பி வளம் குன்ற, குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைக்கப்பட்டது. அதற்காக எவரும் அரசைப் பொய்யுரைத்தோர் எனல் இயலாது. இருபாலாரும் ஒன்றுபோல் அறியாத எதிர்காலமே அங்கு விலைபோயிற்று.

திறந்து மூடிய சிப்பி

இவ்வளவுகோலைக் கொண்டு மிகைச்சரக்கு வாணிபத்தை அளந்து பார்ப்போம். பெருங்கடைக்குத் திரும்பி வந்த ஆயிரம் பெட்டிகள் களஞ்சியத்தில் உள்ளன. எவரும் சோதிக்காமல் அவை அப்படியே கட்டப்பட்டு, ‘திரும்பிய சரக்கு, சோதிக்கப்படாதது, உள்ளது உள்ளபடி’ என விற்கப்படின் அது மூடிய சிப்பி விற்பனையை ஒக்கும். முதலில் வாங்கிய தரகர் பெட்டிகளைத் திறந்து, நல்லனவற்றைத் தமக்கென எடுத்துக்கொண்டு, எஞ்சியதை மீளக் கட்டி அதே சொற்களோடு அடுத்தவர்க்கு விற்பாராயின் அது வேறு செயலாகும். ‘திரும்பிய சரக்கு’ என்பது இப்போதும் உண்மை. ‘உள்ளது உள்ளபடி’ என்பதும் உண்மை. ஆயினும் முத்தெடுத்த பின் மூடிய சிப்பியைத் திறவாத சிப்பியின் விலைக்கு விற்றது போன்றதே இது. சொல் மாறவில்லை, சொல்லைத் தாங்கிநின்ற பொது அறியாமை நீங்கிவிட்டது. தீமை பயவாத சொல்லே வாய்மை என வள்ளுவர் இலக்கணம் வகுத்ததன் ஆழம் இத்தகைய இடத்திலேயே விளங்கும். சொல் பொருளோடு பொருந்துகின்றதா என்பது மட்டும் வாய்மைக்கு அளவையாகாது. கேட்போர்க்கு அது யாது செய்கின்றது என்பதும் அளவையாகும்.

மேற்கு ஆபிரிக்காவில் கானா நாட்டின் அக்ரா நகரிலுள்ள கன்ரமன்ரோச் சந்தை இதற்கு இன்றைய சான்று. செல்வ நாடுகளிற் கழித்த ஆடைகள் கட்டுக்கட்டாக அங்கு வந்து சேர்கின்றன. ‘இறந்த வெள்ளையரின் ஆடை’ எனப் பொருள்படும் பெயரால் அவற்றை அம்மக்கள் வழங்குவர். சிறுவணிகர் கடன்பட்டுக் கட்டைப் பிரிக்காமலே வாங்குகின்றனர். அக்கட்டு வந்த வழியில் ஏற்கெனவே பல கைகளாற் பிரித்துத் தெரியப்பட்டது. திறந்து மூடப்பட்ட சிப்பியே அவர்க்கு எட்டுகின்றது.

கடைசிக் கை

நானாட்டான் போன்ற ஓர் ஊரில், போர் ஓய்ந்த பின் சிறுகடன் பெற்றுக் கடை தொடங்கிய பெண்ணொருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் இத்தகைய லொட் ஒன்றை வாங்குகின்றார். பிரித்துப் பார்த்தபோது பாதி பழுது. திருப்பிக் கொடுக்க இயலாது. கடன் தவணையும் வருகின்றது. இப்போது அச்சரக்கின் குறையை அறிந்தவர் அவரே. தம் வாடிக்கையாளர்க்கு அவர் குறையைக் கூறவேண்டுமா? கூறினால் நட்டம் அவரோடு நிற்கும். கூறாவிடின் அது அயலிலுள்ள இன்னொரு வறியவரிடம் செல்லும்.

அவர் கூறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் விடையாகும். அறிந்தவர் என்ற காரணத்தாற் கடமை சாரும் என்று கூறிய நாம் அவரை மட்டும் விலக்குதல் இயலாது. ஏமாற்றப்பட்டமை பிறரை ஏமாற்றும் உரிமையைத் தருவதில்லை. ஆயினும் இவ்விடையோடு நின்றுவிடின் அது நீதியாகாது. தொடரின் மேற்பகுதியில் இருந்தோர் ஒவ்வொருவரும் ஒரு சொல்லைக் கூறித் தம் கடமை முடிந்ததெனக் கொண்டு நட்டத்தைக் கீழே அனுப்பினர். நீர் பள்ளத்தை நாடுவது போல அது, இனி எவரிடமும் தள்ளமுடியாத கையை நாடி வந்து தங்கிற்று. அறத்தின் முழுப் பாரத்தையும் அக்கையின் மேல் ஏற்றி, மேலிருந்தோரைச் சொற்பிழை செய்யாதவர் என்று விடுவிக்கும் ஒழுக்கம் வலியார்க்கு வாய்த்த ஒழுக்கமாகும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். இவ்வாணிபம் இல்லையேல் நல்ல பண்டங்களும் வீணாகும். ஏழைகட்கு மலிந்த ஆடை கிட்டாது என்பர். இது புறக்கணிக்கத்தக்கதன்று. பேபரி என்னும் ஆங்கில ஆடை நிறுவனம் ஓராண்டில் 2.86 கோடி பவுண் பெறுமதியான விற்காத பண்டங்களை அழித்தமை 2018 இல் வெளிவந்தது. 2020 இல் பிரான்சு நாடு விற்காத பண்டங்களை அழிப்பதைத் தடுக்கச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. மனித உழைப்பை எரிப்பதினும் மலிவாக விற்பது மேலானதே. ஆயின் மலிவுக்கும் மறைப்புக்கும் இன்றியமையாத தொடர்பு யாதும் இல்லை. குறையோடு கூடிய சட்டையைக் குறை கூறி மலிவாக விற்கலாம். வாங்குபவர் தையல் விட்ட இடத்தைத் தைத்து உடுத்திக்கொள்வர். குறையைக் கூறினால் விலைபோகாது என்று அஞ்சப்படும் சரக்கு, கூறாமையால் மட்டுமே அவ்விலை பெறுகின்றது. அவ்விலையின் மேலதிகம் ஏழையின் அறியாமைக்கு அறவிடப்பட்ட வரியாகும்.

ஆகவே இவ்வாணிபத்தின் சொற்களுக்கு மூன்று தேர்வுகளை முன்வைக்கலாம். சொல் பண்டத்தின் வரலாற்றோடு நில்லாது நிலையையும் கூறுகின்றதா? கூறுவோர் அறிந்ததும் கேட்போர் விளங்கிக்கொள்வதும் ஒன்றாகுமா? அச்சொல் சரக்கோடு கூடக் கடைசிக் கைவரை செல்கின்றதா? இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது. இரு பெருவணிகர்க்கிடையே ‘உடைசல்’ என்று தெளிவாக எழுதப்பட்ட சரக்கு, மூன்றாவது கையில் ‘திரும்பிய சரக்கு’ ஆகி, ஐந்தாவது கையில் ‘கழிவு விற்பனை’ ஆகி, கடைசிக் கையிற் பெயரற்ற வெறும் பண்டமாய் நிற்குமாயின், தொடக்கத்தில் உரைத்த உண்மை எவர்க்கும் பயன்பட்டதாகாது.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஏட்டில் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கலைச்சொல்லாக்கம் என்றதும் பௌதிகத்தையும் மருத்துவத்தையும் பொருளியலையும் நினைக்கின்றோம். அப்பணி பெரிதே. ஆயினும் சந்தையிற் பொருள் வாங்கும் சாதாரண மக்கள் தம் கையிலுள்ள பண்டத்தின் குறையை ஒரு சொல்லிற் கேட்டறியவும், ஒரு சொல்லிற் சுட்டிக் காட்டவும் உதவும் தெளிந்த பெயர்களும் கலைச்சொற்களே. முத்தின் குறை ஒவ்வொன்றுக்கும் பெயரிட்ட மொழிக்கு அது இயலாததன்று. அப்பெயர்கள் வணிகர்க்குள் அடங்கிக் குழூஉக்குறியாய்ப் போகாது, பலகையிலும் பற்றுச்சீட்டிலும் எழுதப்பட்டு, நானாட்டான் கடைத்தெருவில் நிற்கும் கடைசி வாடிக்கையாளர்க்கும் விளங்குவனவாதல் வேண்டும். அவர்க்கு விளங்காதவரை அவர்க்கு உண்மை உரைக்கப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது.